செங்கல்லை மிச்சப்படுத்தும் எலிப்பொறிக் கட்டு

வீடு கட்டப் போகிறீர்களா? சுவர் எழுப்பும் முன் கொத்தனாரிடம் எலிப்பொறிக் கட்டு பற்றிப் பேசிப் பாருங்கள். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய முறை இது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவார்கள். 9 அங்குலச் சுவரின் நடுவே 3 அங்குலம் வெற்றிடம் கிடைக்கும். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், கலவையும் குறையும். உள்ளே நிற்கும் காற்று வெயில் சூட்டை எளிதில் உள்ளே விடாது. மே மாத மதியத்தில் இதன் அருமை தெரியும்!

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கலவை அந்த இடைவெளியில் விழுந்து நிரம்பினால் பலன் போய்விடும். 3 அங்குல மரச்சட்டத்தை வெற்றிடத்தின் மேல் வைத்துக்கொண்டு கலவை போடச் சொல்லுங்கள், அப்புறம் எடுத்துவிடலாம். முதல் வரிசை, ஜன்னலுக்கு அடியில், லிண்டலுக்கு (கதவு, ஜன்னல் மேல் வரும் உத்தரம்) கீழே, கதவு ஜன்னல் ஓரங்கள், இங்கெல்லாம் இடைவெளி இல்லாமல் கெட்டியாகவே கட்ட வேண்டும். முனை உடையாத, ஒரே அளவான கல்லாகப் பார்த்து வாங்குங்கள். பழக்கமில்லாத கொத்தனார் என்றால், முதலில் காம்பவுண்டுச் சுவரில் நாலடி கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.