பரணில் கிடந்த லேப்டாப்பும் 8 ஜிபி பென்டிரைவும்

கோவில்பட்டியில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. பத்திரிகை டைப் அடிப்பது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன், இதுதான் பிழைப்பு. ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் இன்னொரு வேலையும் தேடி வரும். பரணிலிருந்து இறக்கிய பழைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள். "அக்கா, இது இன்னும் ஓடுமா?"

கடைசியாகச் சரிபண்ணியது எங்கள் வீட்டு லேப்டாப். என் கொழுந்தனாருக்கு 2012-இல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டுடிஸ்க். அதில் விண்டோஸ் 7, கூடவே மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இரண்டும் இருந்தன. லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள், இலவசம். பாஸ் பக்கம் எந்தப் பிள்ளையும் எட்டிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது. இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு அந்த லேப்டாப் வேண்டுமாம். சரி, லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். எப்படி என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும்.

முதலில் எதைப் போடுவது என்று பாருங்கள். ரேம் 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு. 2 ஜிபியிலும் அது ஏறும், ஆனால் பிரவுசரில் நாலாவது டேபைத் திறந்தால் மூச்சுத் திணறும். நான் பின்மூடியைக் கழற்றி, பழைய டிடிஆர்3 ரேம் ஒன்று வாங்கிச் செருகினேன். வாங்கப் போகும்போது உள்ளே இருப்பதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். டெஸ்க்டாப் ரேம் நீளம் அதிகம், பொருந்தாது. ரேம் சேர்க்க வழியில்லை என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸ் போடலாம். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் லேசானது. ஆன்டிஎக்ஸ் 23-இல் பழைய வகை பிராசசருக்கான 32 பிட் பதிப்பும் உண்டு. உங்கள் மெஷின் 64 பிட்டா என்று குழம்ப வேண்டாம். விண்டோஸ் தன்னை 32 பிட் என்று சொன்னாலும் பிராசசர் 64 ஆக இருக்கலாம். 64 பிட் லினக்ஸ் எழுதிய பென்டிரைவைப் போட்டுப் பாருங்கள். ஆகாதென்றால் கறுப்புத் திரையில் அதுவே சொல்லிவிட்டு நின்றுவிடும். எதுவும் கெட்டுப்போகாது.

மின்டை நிறுவுவதற்கான ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி வரும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பென்டிரைவ் 8 ஜிபி போதும். பஸ் ஸ்டாண்ட் வாசலில் 64 ஜிபி என்று சல்லிசாகக் கிடைக்கிறதே என்று நானும் ஒருமுறை வாங்கினேன். உள்ளே நிஜமாக இருந்தது அதில் ஒரு சின்னத் துண்டுதான். எழுதும்போது ஒழுங்காக எழுதும், படிக்கும்போதுதான் பல்லிளிக்கும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இறக்கிய ஃபைலை அப்படியே காப்பி செய்து பென்டிரைவில் போட்டால் வேலைக்கு ஆகாது. கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் செய்துவிட்டு வருவது இதைத்தான். அதற்கென்று ரூஃபஸ் என்றொரு சின்ன மென்பொருள் இருக்கிறது. நன்றாக ஓடுகிற வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளுங்கள். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, இறக்கிய ஃபைலைக் காட்டுங்கள். 'செலக்ட்' பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு டிக் குறி இருக்கும். அதை அழுத்தினால் ஷா256 என்று நீளமாக ஒரு வரி வரும், ஃபைலின் கைரேகை மாதிரி. மின்ட் தளத்தில் போட்டிருக்கும் வரியோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் ஒத்துப்போனால் எனக்குப் போதும். ஒரு எழுத்து மாறினாலும் டவுன்லோடு பாதியில் கெட்டிருக்கிறது என்று அர்த்தம், திரும்ப இறக்குங்கள். பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பயாஸ் (லேப்டாப்பை முதலில் எழுப்பும் அடிப்படை நிரல்) மெஷினுக்கு அதுதான் ஒத்துவரும். நடுவில் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால் ஐஎஸ்ஓ. பென்டிரைவில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிந்துவிடும், முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்து, லேப்டாப்பைப் பென்டிரைவிலிருந்து எழுப்ப வேண்டும், அதாவது பூட் செய்ய வேண்டும். பவர் பொத்தானை அழுத்திய கையோடு சரியான கீயை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லெனோவோ, டெல் என்றால் எஃப் 12. ஹெச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப் 9. ஏசரில் எஃப் 2 வழியாக பயாஸுக்குள் போய் 'எஃப் 12 பூட் மெனு' என்பதை முதலில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். வருகிற பட்டியலில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். வரவில்லையா? வேறு ஓட்டையில் செருகிப் பாருங்கள். நீல நிற யூஎஸ்பி 3 ஓட்டையில் சில பழைய மெஷின்கள் பூட் ஆகாது; கறுப்பு ஓட்டை நல்லது.

மின்ட் திரை வந்ததும் எல்லாருக்கும் கை பரபரக்கும். டெஸ்க்டாப்பிலேயே 'இன்ஸ்டால்' என்ற ஐகான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருப்பது பென்டிரைவிலிருந்து வரும் லினக்ஸ். ஹார்டுடிஸ்க் இன்னும் அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த அரை மணி நேரம்தான் மொத்த வேலையிலும் முக்கியமானது.

"மதினி, அதுல என் காலேஜ் போட்டோ எல்லாம் கெடக்கு, பாத்துப் பண்ணுங்க" என்று கொழுந்தனார் திருப்பூரிலிருந்து போன் செய்திருந்தார். விண்டோஸ் திறக்கவே மாட்டேன் என்று நீலத் திரை காட்டிய மெஷின் அது. ஆனால் பென்டிரைவ் லினக்ஸில் ஃபைல் மேனேஜரைத் திறந்தால் டி டிரைவ் முழுக்க முழுசாக இருந்தது. குற்றாலத்தில் குளித்த படங்கள், செமினார் ஸ்லைடு, யாரோ ஒரு பெண்ணின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதை நான் திறக்கவில்லை, காப்பி மட்டும் செய்தேன். விண்டோஸ் சரியாக அணைக்கப்படாமல் இருந்தால் அந்த டிரைவில் எழுத முடியாது, படிக்கத்தான் விடும். நமக்கு அது போதுமே. இன்னொரு பென்டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். டைப் அடிக்கிற வீடாக இருந்தால் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' இருக்கும். பாமினி, வானவில் வகையறா பழைய தமிழ் எழுத்துருக்களை அங்கிருந்து மறக்காமல் எடுங்கள். அந்த எழுத்துரு இல்லையென்றால் பழைய டாகுமென்ட் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

அப்படியே வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, எல்லா கீயும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எங்கள் லேப்டாப்பில் வைஃபை தெரியவே இல்லை. போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, போன் செட்டிங்கில் 'யூஎஸ்பி டெதரிங்' போட்டதும் நெட் வந்துவிட்டது. இன்ஸ்டால் முடிந்தபின் 'டிரைவர் மேனேஜர்' வைஃபைக்கு வேண்டியதைத் தானே கண்டுபிடித்துப் போட்டது. மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்ற நிரலைத் திறந்து, ஹார்டுடிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் 'ஸ்மார்ட்' தகவலையும் ஒரு பார்வை பாருங்கள். டிஸ்க் சாகப்போகிறது என்று அது சொன்னால், அல்லது காதை வைத்தால் டக் டக்கென்று கேட்டால், அதில் எதையும் ஏற்றாதீர்கள். சுழலாத வகை டிஸ்க்கான சின்ன எஸ்எஸ்டி ஒன்று மாட்டினால் லேப்டாப்பின் வேகமும் கூடும்.

இப்போது இன்ஸ்டால் செய்யலாம். அதற்கு முன், பூட் ஆன அந்த ஒரு பென்டிரைவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்கி மேஜையிலிருந்தே தள்ளி வையுங்கள். நான் முன்பொரு தடவை கடையின் பேக்கப் டிஸ்க்கைச் செருகியபடியே விட்டுவிட்டு, டிஸ்க் பெயரைச் சரியாகப் பார்க்காமல் 'அழித்துவிட்டு நிறுவு' கொடுத்தேன். எட்டு வருடக் கல்யாணப் பத்திரிகை டிசைன் அத்தனையும் போயிற்று. இப்போதும் யாராவது "போன தடவை அண்ணன் கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே" என்று வந்தால் வயிற்றைக் கலக்கும். பெயர் புரியாவிட்டால் அளவைப் பாருங்கள்: 320 என்றால் லேப்டாப் டிஸ்க், 8 என்றால் பென்டிரைவ்.

மீதி எல்லாம் கேள்விக்குப் பதில் சொல்கிற வேலைதான். கீபோர்டு ஆங்கிலம் யூஎஸ், பாட்டு, வீடியோ ஓட மல்டிமீடியா கோடெக் டிக், முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு, இந்திய நேரத்துக்கு கொல்கத்தா, ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை லேப்டாப்பின் அடியில் எழுதி ஒட்டுவது தவறு என்பார்கள். வீட்டில் பாட்டியும் பேத்தியும் பயன்படுத்தும் மெஷினில் நான் ஒட்டித்தான் கொடுக்கிறேன். பழைய டிஸ்க்கில் அரை மணிக்கு மேல் ஆகும். சார்ஜரை மட்டும் பிடுங்காதீர்கள், பழைய பேட்டரியை நம்ப முடியாது. முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டச் சொல்லும். எடுக்காமல் விட்டுவிட்டு "மறுபடியும் முதல்ல இருந்தே வருதுக்கா" என்று போன் செய்பவர்கள் உண்டு.

ஆன்டிஎக்ஸ் போட்ட ஒரு மெஷினில் வேறொரு கூத்து. நெட் வருகிறது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்கிறது. மூலையில் தேதியைப் பார்த்தால் 2009 ஜனவரி 1! மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, செத்துப் போயிருந்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றுக்குத் தேதி உண்டு. நம் கடிகாரம் 2009-இல் நின்றால் எந்தச் சான்றும் செல்லாது. பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தது.

தமிழில் டைப் அடிக்க, கீபோர்டு செட்டிங்கில் இருக்கும் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பைச் சேர்த்தால் போதாது. மெய்யெழுத்துப் புள்ளி தானாக விழாது, கை பழகியவர்களுக்கு எரிச்சல் வரும். 'சாஃப்ட்வேர் மேனேஜரில்' ஐபஸ்-எம்17என் என்ற டைப் அடிக்க உதவும் மென்பொருளைத் தேடி நிறுவுங்கள். ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வந்து, ஐபஸ் செட்டிங்கில் தமிழ், அதற்குள் தமிழ்99. என் மகள் முதலில் அடித்துப் பார்த்த சொல் 'பக்கம்'. நடுவில் புள்ளி தானாக விழுந்ததைப் பார்த்து மறுபடியும் ஒருமுறை அடித்தாள்.

அந்தப் பென்டிரைவை நான் அழிக்கவில்லை. மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி 'மின்ட் 64' என்று எழுதி, கடைக் காலண்டர் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்த ஜூனுக்கு வேண்டும்.