ராத்திரி பொருந்திய நூல் காலையில் பொருந்தவில்லை

வீட்டில் தையல் மெஷின் வைத்துப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறேன். ராத்திரி எல்இடி பல்பு வெளிச்சத்தில் அரக்குப் புடவைக்கு அப்படியே பொருந்திய நூல், காலையில் வாசலில் விரித்துப் பார்த்தால் பழுப்பாகத் தனியே தெரியும். சாயம் போகிறதோ என்று துவைத்துப் பார்த்தேன். சாயத்தில் குறையே இல்லை.

விழித்திரையில் நிறத்தைப் பிரித்தறிபவை மூன்றே வகைக் கூம்பு செல்கள். புடவைச் சாயமும் நூல் சாயமும் வேறு வேறாக இருந்தாலும், ஒரு விளக்கின் கீழ் இரண்டும் அந்த மூன்றையும் ஒரே அளவில் தூண்டினால் கண்ணுக்கு ஒரே நிறம்தான். விளக்கு மாறினால் அந்த அளவும் மாறிவிடும். இதை மெட்டாமெரிசம் என்கிறார்கள். மலிவான எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவு. அதனால் அரக்கு, மெரூனில்தான் தொல்லை அதிகம்.

மெஷினுக்கு மேலே இருந்த பல்பை மாற்றினேன். பல்புப் பெட்டியில் சிஆர்ஐ 90க்கு மேல் இருக்க வேண்டும். விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான சராசரி மதிப்பெண் அது. சாதாரண பல்பில் பெரும்பாலும் 80தான். அந்தச் சராசரியில் வெளிர் நிறங்கள் 8 மட்டுமே சேரும், அடர்சிவப்பு சேராது. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு, போட்டிருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள். வாட்ஸ் இதில் எதையும் சொல்லாது.

அப்புறம், நூலைப் பகலில் ஜன்னலோரத்தில் வைத்தே தேர்ந்தெடுக்கிறேன். கண்டோடு வைத்துப் பார்த்தால் நிறம் அடர்த்தியாகத் தெரியும். ஒற்றை இழையை உருவித் துணிமேல் போட்டுப் பார்க்க வேண்டும்.