கூறைச் சேலையில் பூஞ்சணம்

மாரி மழைக்குள் வீடு மாற வேண்டாம் என்று மாமி சொன்னார். வேறு வழியில்லை, மட்டக்களப்புப் புளியந்தீவிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி நாவற்குடாவுக்கு வந்துவிட்டோம். பெட்டிகள் வாங்கவில்லை. கோப்பைகளைப் பழைய சாரங்களில் சுற்றிப் பெரிய பானைக்குள் செங்குத்தாக அடுக்கினேன். ஒன்றுகூட உடையவில்லை.

அலுமாரிதான் என்னை அழவைத்தது. மூன்றாம் கிழமை திறந்தால் ஈர மணம் முகத்தில் அடித்தது. என் கூறைச் சேலையின் மடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பின்பலகையைத் தடவிப் பார்த்தேன், நசநசவென்று இருந்தது. ஈரச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறோம், காற்றுப் போக இடமே இல்லை.

அன்றைக்கே இழுத்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம். பலகையை வினாகிரி தொட்ட துணியால் துடைத்து, கதவைத் திறந்து இரண்டு நாள் காயவிட்டேன். சேலையை வெளி விறாந்தையில் மென்மையான தூரிகையால் தட்டி நிழலில் உலர்த்தினேன். சரிகைக்குக் கடும் வெயில் ஆகாது.

பிறகு சிரட்டைக்கரி. நன்றாக ஆறிய கரியைப் பழைய காலுறைகளில் கட்டித் தட்டுக்கு ஒன்றாக வைத்தேன். பூச்சி உருண்டை பூச்சியை விரட்டும், ஈர மணத்தை மறைக்கும், அவ்வளவுதான். கரி மணத்தையும் கொஞ்சம் ஈரத்தையும் இழுக்கும். வெயில் எறிக்கும் நாளில் அதை முற்றத்தில் காயவைத்துத் திரும்ப வைக்கிறேன். தை பிறந்துவிட்டது, சேலையில் புதிதாக ஒரு புள்ளியும் இல்லை.