புதிய அறிவியல் ஆய்வை எல்லோருக்கும் புரியும்படி எழுதுவது எப்படி?

அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் பெறும் அணுக்கரு இணைவுச் சோதனையில் போட்டதைவிட அதிக ஆற்றல் கிடைத்தது என்று 2022 டிசம்பரில் செய்தி வந்தது. செய்தி சரிதான். ஆனால் அதை அப்படியே எழுதினால், வாசகர் மின்நிலையமே தயாராகிவிட்டது என்று நினைப்பார். அந்த இடைவெளியை அடைப்பதுதான் நம் வேலை.

படி 1: மூலக் கட்டுரையைப் படியுங்கள்

செய்திக்குறிப்பு மட்டும் போதாது. முதலில் ஆய்வுச்சுருக்கம், அடுத்து அட்டவணைகள், பிறகு ஆய்வாளர்களே தங்கள் ஆய்வின் குறைகளைச் சொல்லும் பகுதி. கடைசியில் சொன்னதைப் பலரும் தாண்டிப் போகிறார்கள்; விஷயமே அங்கேதான் இருக்கும். சக ஆய்வாளர்கள் சரிபார்த்த கட்டுரையா, இன்னும் அப்படிச் சரிபார்க்கப்படாத முன்வரைவா என்றும் பாருங்கள்.

படி 2: ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யாரிடம் அல்லது எதில் சோதித்தார்கள், என்ன செய்தார்கள், எவ்வளவு மாறியது. எலியில் செய்த சோதனை என்றால் தலைப்பிலேயே 'எலி' வரவேண்டும்.

படி 3: எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

அதிக நேரம் இதற்குத்தான் பிடிக்கும். அந்த இணைவுச் சோதனையில் 192 லேசர் கதிர்கள் இலக்குக்குக் கொடுத்தது 2.05 மெகாஜூல், வெளிவந்தது 3.15. ஆனால் லேசர்களை இயக்க மட்டும் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது. கணக்கை எங்கே தொடங்கினார்கள் என்று சொல்லாவிட்டால் லாபம் நஷ்டமாகவும், நஷ்டம் லாபமாகவும் தெரியும். மெகாஜூல் யாருக்கும் பழக்கமில்லை, அதனால் மாற்றிச் சொல்லுங்கள்: 1000 வாட் ஹீட்டர் 3.15 மெகாஜூலில் ஏறக்குறைய 52 நிமிடம் ஓடும். 300 மெகாஜூலில் 83 மணி நேரம்.

சதவீதம் இன்னும் மோசம். அல்சைமர் என்ற மறதி நோய்க்கான மருந்தான லெகனெமாப் நோயின் வேகத்தை 27% குறைத்தது. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், 18 மாதங்களில், மருந்து எடுத்தவர்கள் 1.21 புள்ளி மோசமானார்கள், எடுக்காதவர்கள் 1.66. வித்தியாசம் 0.45. இரு தரப்புமே மோசமாகியிருக்கிறது, கவனியுங்கள். '27% குணம்' என்று எழுதினால் அது பொய்.

'புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க' என்ற சொற்றொடரிலும் இதே வழுக்கல் உண்டு. உண்மையில் விளைவே இல்லையென்றால் இப்படியொரு முடிவு தற்செயலாக வருவது அரிது என்பதே அதன் பொருள். பெரிய மாற்றம் என்பதல்ல.

படி 4: உவமை எங்கே உடைகிறது என்று சொல்லுங்கள்

மரபணுக்களை வெட்டித் திருத்தும் தொழில்நுட்பமான கிரிஸ்பரை 'மரபணுக் கத்தரிக்கோல்' என்பது நல்ல உவமைதான். ஆனால் வெட்டிய இடத்தைத் தைப்பது கத்தரிக்கோல் அல்ல, செல்தான்; பிழைகள் பல அந்தத் தையலில்தான் நேர்கின்றன. இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

படி 5: திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். கட்டுரையை மூடி வைத்துவிட்டு, படித்ததைச் சொல்லச் சொல்லுங்கள். 'மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாமே' என்று ஆரம்பித்தால், குறை அவரிடம் இல்லை. மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.