ஸ்டோரிபோர்டிலிருந்து அனிமேட்டிக்: ஏஐ கருவியைத் திறப்பதற்கு முன் ஒலியை அமையுங்கள்

ஷாட் ஷாட்டாக வரைந்த ஸ்டோரிபோர்டுப் படங்களை ஏஐ காணொளிக் கருவியில் ஒவ்வொன்றாக ஏற்றி, கிடைக்கும் துண்டுகளை வரிசையாக ஒட்டிவிட்டால் அனிமேட்டிக், அதாவது ஒலியோடு ஓடும் முன்மாதிரிக் காணொளி, ஆகிவிடும் என்று தொடக்க நிலையில் இருப்பவர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஒவ்வொரு ஷாட்டும் எத்தனை நொடி நிற்க வேண்டும், வசனம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பவற்றைப் படப்பிடிப்புக்கு முன்பே பார்த்துத் தீர்மானிப்பதற்காகத்தான் அனிமேட்டிக் செய்கிறோம். ஆகவே நான் பின்பற்றும் வரிசையில் ஒலி முதலிலும், நிலைப்படங்கள் அதன் மேலும், ஏஐ அசைவு கடைசியிலும் வரும்.

எடுத்துக்காட்டுக்கு, மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ்டவுனில் நண்பர்களோடு நான் தயாரித்த ஒரு குறும்படத்தின் காட்சியையே வைத்துக்கொள்வோம். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்ட்ரீட்டிலிருந்து வாட்டர்ஃபால் சாலைக் கோவிலை நோக்கி வெள்ளி ரதம் புறப்படுகிறது. வழியோரத்தில் உடைப்பதற்காகக் குவித்த தேங்காய்களுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் காத்திருக்கிறார்கள்.

படங்கள்

வரைந்த தாள்களைக் கைத்தொலைபேசியின் ஸ்கேன் செயலியில் எடுத்து, 16:9 விகிதத்தில் 1920×1080 அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கோப்புகளுக்கு 010, 020, 030 என்று பத்துப் பத்தாக எண் கொடுத்தால், இடையில் ஒரு ஷாட்டைச் சேர்க்கும்போது எல்லாப் பெயர்களையும் மாற்ற வேண்டியிருக்காது. அம்புக்குறி, ஷாட் எண், ஓரக் குறிப்பு ஆகியவற்றை நீக்கிய ஒரு பிரதியைத் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள். ரதம் நகரும் திசையைக் காட்ட நீங்கள் போட்ட அம்புக்குறியையும் ரதத்தின் ஒரு பாகமாக எடுத்துக்கொண்டு, அதையும் சேர்த்து நகர்த்திவிடும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு.

குரல்

முதல் பதிவு உங்கள் சொந்தக் குரலாகவே இருக்கட்டும். தொலைபேசியில் எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் நீங்களே பேசிப் பதிவு செய்தால், எந்த வசனம் நீளம் என்பது அப்போதே தெரிந்துவிடும். வேறு குரல் தேவைப்பட்டால் எழுத்தைப் பேச்சாக்கும் சேவைக்குப் போகலாம். மைக்ரோசாஃப்ட் அஸூரில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என்ற இரண்டு குரல்கள் இருக்கின்றன. இலெவன்லேப்ஸின் பன்மொழிக் குரல்களும் தமிழ் பேசும். நம் ஊர்க் கதைக்கு முன்னதையே நான் விரும்புகிறேன்.

இயந்திரக் குரல் நீங்கள் எழுதியதைத்தான் வாசிக்கும் என்பதை மறக்கக் கூடாது. "அண்ணே, ரதம் வந்துருச்சு, அம்பது காய்தான் இருக்கு" என்று தங்கை சொல்ல வேண்டுமானால் அப்படியே பேச்சுவழக்கில் எழுத வேண்டும். 50 என்று இலக்கத்தில் எழுதினால் செய்தி வாசிப்பவர்போல "ஐம்பது" என்று வரும். நம் பேச்சில் கலந்துவரும் மலாய்ச் சொற்களிலும் கவனம் தேவை. பொட்டலம் கட்டுவதைக் குறிக்கும் bungkus என்ற சொல்லைப் "புங்குஸ்" என்று தமிழில் எழுதினால் முதலெழுத்தை b என்று படிக்காமல் p என்று வன்மையாகவே படித்துவிடும் என்பதால், அந்தச் சொல்லை மட்டும் உங்கள் குரலில் பேசி ஒட்டிவிடுவது நல்லது. பிறர் குரலை நகலெடுக்கும் வசதியை அவருடைய சம்மதம் இல்லாமல் பயன்படுத்தாதீர்கள்.

நேரம்

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற கணினி மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். தொலைபேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு ஃபிரேமை மட்டும் வெட்டுவதற்கு விரல் நுனியோடு போராட வேண்டியிருக்கும். ரிசால்வில் புதிய திட்டத்தைத் திறந்ததும், எந்தக் கோப்பையும் உள்ளே இழுப்பதற்கு முன், ஃபிரேம் வேகத்தை (ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) 24 என்றோ 25 என்றோ தேர்ந்தெடுத்துவிடுங்கள். கோப்புகள் உள்ளே வந்தபின் அந்தத் திட்டத்தின் வேகத்தை மாற்ற முடியாமல் பூட்டிக்கொள்ளும். தொலைக்காட்சிக்கும் போகக்கூடும் என்பதால் நாங்கள் 25 வைத்தோம்.

இப்போது குரல் தடத்தை முதலில் போட்டு, அதன்மேல் நிலைப்படங்களை அடுக்குங்கள். ஒவ்வொரு படமும் இயல்பாக ஐந்து நொடி நீளத்தில் வந்து விழும். வசனத்தைக் கேட்டபடி அதைச் சுருக்க வேண்டும். தங்கை திரும்பிப் பார்க்கும் ஷாட் இரண்டு நொடி, அதாவது 50 ஃபிரேம். இந்த நிலையிலேயே முழுக் காட்சியையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சலிப்புத் தட்டும் இடத்தில் வெட்டிவிடுங்கள். கேமரா மெல்ல நெருங்குவதும் பக்கவாட்டில் நகர்வதும் ரிசால்வின் டைனமிக் ஜூமிலேயே நடக்கும் என்பதால் அவற்றுக்கு ஏஐக்குப் போகத் தேவையில்லை.

அசைவு

பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். நிலைப்படத்தை அசையவைக்கும் ரன்வே, கிளிங் போன்ற ஏஐ சேவைகள் வழக்கமாக ஐந்து அல்லது பத்து நொடித் துண்டுகளைத் தருகின்றன. ஐந்து நொடி என்றால் நம் கணக்கில் 125 ஃபிரேம். நமக்கு வேண்டியதோ 50. காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க மனமில்லாமல் முழுத் துண்டையும் வைத்தால், முந்தைய நிலையில் பாடுபட்டு அமைத்த தாளம் முழுவதும் கெட்டுவிடும். எனவே நிலைப்படத்தின் நீளத்தை மாற்றாமல், அதன் மேல்தடத்தில் ஏஐ துண்டை வைத்து, அசைவு நன்றாக வந்த 50 ஃபிரேம்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். துண்டின் வேகத்தைக் கூட்டி அந்த நீளத்துக்குள் திணிப்பதும் வேண்டாம், ஆட்கள் பதறி ஓடுவதுபோல இருக்கும்.

ஏஐக்குக் கட்டளை எழுதும்போது படத்தில் ஏற்கெனவே இருப்பதை மறுபடி விவரிக்காமல், எது அசைய வேண்டும், எது அசையக் கூடாது என்பதை மட்டும் எழுதுங்கள்: ரதம் மெதுவாக முன்னால் வருகிறது, கேமரா அசையாது, பென்சில் கோடுகள் மாறக் கூடாது, வண்ணம் சேரக் கூடாது. கடைசி இரண்டையும் விட்டுவிட்டால், உங்கள் கோட்டோவியம் பாதியிலேயே நிழற்படம்போல மாறத் தொடங்கும்.

தேங்காய் உடையும் ஷாட்டில் எந்தக் கருவியும் எங்களுக்குக் கைகொடுக்கவில்லை. முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் நாமே கொடுக்கும் வசதியைப் பயன்படுத்தியபோதும், காய் தரையைத் தொட்டவுடன் பிசைந்த மாவாக இளகி, பிறகு சில்லுகளாக உருமாறியது. கையை விட்டே போகாத காயும் உண்டு. தீர்வு மிகப் பழையது: ஓங்கிய கை ஒரு படம், சிதறிய சில்லுகள் அடுத்த படம், இரண்டுக்கும் நடுவே நேர் வெட்டு, வெட்டு விழும் அதே ஃபிரேமில் தேங்காய் உடையும் ஒலி. பார்ப்பவர் கண்ணுக்குக் காய் உடைந்துவிடும். ரதம் நெருங்குவது, சாம்பிராணிப் புகை, கூட்டத்தின் சலசலப்பு போன்ற மெதுவான, தொடர்ச்சியான அசைவுகளுக்கு மட்டும் ஏஐயை வைத்துக்கொண்டால் பணமும் மிச்சம். எங்கள் காட்சியில் பாதிக்கு மேற்பட்ட ஷாட்டுகள் கடைசி வரை நிலைப்படங்களாகவே நின்றன.

பிற ஒலிகள்

தெருச் சத்தம், மழை போன்றவற்றை ஏஐ ஒலிக் கருவிகள் ஒழுங்காகவே உருவாக்குகின்றன. உறுமி மேளம் கேட்டபோது ஏதோ ஒரு முரசுதான் வந்தது. அதைக் கோவில் வாசலில் நேரில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஏற்றுமதி செய்யும் முன் ரிசால்வின் டேட்டா பர்ன்-இன் வசதி வழியாக நேரக்குறியையும் கோப்பின் பெயரையும் திரையில் பதித்துவிட்டால், ஒளிப்பதிவாளரோடு பேசும்போது "அந்த ரதம் வருமே, அதற்கு அடுத்தது" என்று தேட வேண்டியிருக்காது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், லினக்ஸில் ஏஐ துண்டுகள் ரிசால்வுக்குள் வரவே மறுக்கின்றன என்று கேட்டிருந்தார். லினக்ஸுக்கான இலவசப் பதிப்பு, எம்பி4 கோப்புகளில் வழக்கமாக இருக்கும் எச்.264 வகைக் காணொளியை ஏற்காது. ஏஏசி வகை ஒலியும் அங்கே வேலை செய்யாது. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச மாற்றுக் கருவியைக் கொண்டு காணொளியை டிஎன்எக்ஸ்எச்ஆர் (DNxHR) வடிவத்துக்கும் ஒலியைப் பிசிஎம் (PCM) வடிவத்துக்கும் மாற்றிக்கொண்டால் வந்துவிடும். கோப்பு பல மடங்கு பெரிதாகும் என்பதால், முதலில் பார்த்துத் தேர்ந்தெடுத்த துண்டுகளை மட்டும் மாற்றுங்கள்.