வீட்டுத் தெருவில் 30 கி.மீ.: கேட்டு வாங்குவதும் நிலைக்க வைப்பதும்

பள்ளி விடும் நேரம். ஓரமாக நிற்கும் வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை சட்டென்று தெருவில் இறங்குகிறது. எதிரே வரும் காருக்கும் பிள்ளைக்கும் இடையே 18 மீட்டர். ஓட்டுபவர் கண்ணில் பட்டு, மனதில் உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும். கார் 30 கி.மீ. வேகத்தில் வந்தால் அதற்குள் பன்னிரண்டரை மீட்டர் ஓடியிருக்கும். காய்ந்த சாலையில், நல்ல பிரேக் இருந்தால், அதன்பின் ஐந்து மீட்டரில் நிற்கும். பிள்ளை தப்பிவிடும், அரை மீட்டர் வித்தியாசத்தில். அதே கார் 50-ல் வந்தால் பிரேக்கில் கால் படுவதற்குள்ளேயே 21 மீட்டர் போயிருக்கும். அதாவது வேகம் கொஞ்சமும் குறையாமல் மோதும்.

இந்தக் கணக்குதான் மொத்த விஷயமும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு உலகில் முதல் காரணம் சாலை விபத்து. 2022-ல் இந்தியாவில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது.

நம் ஊர்ச் சட்ட நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை நகராட்சி எல்லைக்குள் கார் 70 கி.மீ. வரை போகலாம் என்றது. தெருவுக்கு அது மிக அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 112-ஆவது பிரிவின் கீழ் மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ குறிப்பிட்ட பகுதிக்கு அல்லது சாலைக்கு இதைவிடக் குறைந்த வேகத்தை நிர்ணயிக்கலாம். சென்னையில் 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளுக்கு எல்லா வண்டிக்கும் 30 என்று போக்குவரத்துக் காவல்துறை அறிவித்துவிட்டது. ஆகவே சென்னைக்காரர்கள் புதிதாக வரம்பு கேட்க வேண்டியதில்லை. பலகையும் சாலை மாற்றமும் கேட்டால் போதும்.

முதலில் அளந்துவிடுங்கள்

"எல்லாரும் ரொம்ப வேகமாகப் போகிறார்கள்" என்று எழுதும் மனு கோப்பில் தூங்கும். எண்ணோடு போங்கள். ஒரு 50 மீட்டர் டேப், சாக்பீஸ், கைபேசி, இரண்டு பேர் போதும். வளைவும் வேகத்தடையும் இல்லாத நேர்த் துண்டில், சரியாக 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். வண்டியின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, இரண்டாவதைத் தொடும்போது நிறுத்துங்கள். 6 நொடி என்றால் 30 கி.மீ., 4.5 என்றால் 40, 3.6 என்றால் 50, 3 நொடி என்றால் 60.

தவறு நேர்வது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது கண் கோணம்: ஒரே இடத்தில் நின்று இரண்டு கோட்டையும் பார்த்தால் தூரத்துக் கோடு ஏமாற்றும். இரண்டாவது கோட்டில் ஒருவர் நின்று கையை இறக்கிச் சைகை காட்டட்டும்; அல்லது இரண்டு கோடும் தெரியும்படி மாடியிலிருந்து வீடியோ எடுத்து, பிறகு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 50 கி.மீ.-ல் வரும் வண்டிக்கு 0.2 நொடி பிசகினாலே 3 கி.மீ. மாறிவிடும். இரண்டாவது, நீங்கள் தெரிவது: நோட்டும் கையுமாக இரண்டு பேர் நடுத்தெருவில் நின்றால் எல்லாரும் வேகத்தைக் குறைப்பார்கள். ஓரமாக, திண்ணையிலோ கடை வாசலிலோ இருங்கள். மூன்றாவது, முன்வண்டியை ஒட்டி வரும் வண்டிகளைக் கணக்கில் சேர்ப்பது. அவற்றின் வேகம் அவற்றின் கையில் இல்லை, விட்டுவிடுங்கள்.

குறைந்தது 100 வண்டி வேண்டும். பள்ளி தொடங்கும் நேரம், மதியம், இரவு 10 மணிக்கு மேல் என்று மூன்று வேளை. இரவைத் தவறவிடாதீர்கள், தெரு காலியாக இருக்கும்போதுதான் உண்மையான வேகம் தெரியும். இருசக்கர வண்டிகளைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். வேகங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, 100-ல் 85-ஆவதாக நிற்கும் எண்ணை வட்டமிடுங்கள். பொறியாளர்கள் கேட்பது சராசரியை அல்ல, இந்த எண்ணைத்தான். கூடவே, ஒரு மணி நேரத்தில் தெருவைக் குறுக்கே கடப்பவர்களை எண்ணி, பிள்ளைகள், முதியவர்கள் என்று பிரித்துக் குறித்துவையுங்கள்.

காவல் நிலையத்தில் பதிவாகும் விபத்து ஒரு பகுதிதான். கீழே விழுந்து கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தெருக்கடைக்காரர்களைக் கேட்டு, தேதியோடு ஒரு பட்டியல் எழுதுங்கள். பதிவான விபத்துகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி வாங்கலாம்.

யாரிடம் போவது

சாலை யாருடையது என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள்: மாநகராட்சியா, ஊராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் சுற்றும். கிராமமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலை இணையுங்கள். மாவட்ட ஆட்சியர் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் தலைவர் என்பதால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுப்பது வீணாகாது. மனு ஒரு பக்கம் போதும்: அளந்த எண், கடப்போர் எண்ணிக்கை, விபத்துப் பட்டியல், கேட்கும் மாற்றம், வரைபடம்.

அலுவலர் தயங்கினால் ஒரு வழி இருக்கிறது. வேகக் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காது என்றால் அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை என்று அதே 112-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு மாதச் சோதனை என்று கேளுங்கள். பலகை மட்டும் கட்டாயம் வேண்டும். பலகை இல்லாத வரம்புக்கு அபராதம் போட முடியாது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பலகை மட்டும் போதாது

இங்கேதான் பல ஊர்கள் சறுக்கின. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மையத்தில் 76 தெருக்களில் 2016-ல் மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ., என்று பலகை மட்டும் வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்தும் சராசரி வேகம் ஒரு மைல்கூடக் குறையவில்லை. விபத்திலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. லண்டனில் வேகத்தடை, சாலைக் குறுக்கம் எல்லாம் சேர்த்து அமைத்த 20 மைல் பகுதிகளில், 1986 முதல் 2006 வரையிலான தரவுகளை ஆராய்ந்தபோது, காயமடைந்தோர் எண்ணிக்கை சுமார் 42 சதவீதம் குறைந்திருந்தது. அதிலும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம். தெருவின் உருவமே ஓட்டுபவரை மெதுவாக்க வேண்டும்.

அதற்காக, கண்ட இடத்தில் ஒரு கூடை தார் கொட்டி முட்டு வைப்பது ஆபத்து. ஒரு அடி அகலமே உள்ள கூர்மையான முட்டு, மெதுவாக வரும் ஆம்புலன்ஸையும் கர்ப்பிணியையும் குலுக்கும். வேகமாக வரும் காரை அந்த அளவு குலுக்காது, ஸ்பிரிங் அதை விழுங்கிவிடும். வண்ணம் இல்லாத முட்டில் இரவில் இருசக்கர வண்டிக்காரர்கள் தூக்கி எறியப்படுகிறார்கள்.

இந்திய சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 99 வழிகாட்டியின் 1988 பதிப்பு சொன்ன, மேல்பக்கம் வளைந்த வேகத்தடையின் அளவு: போக்குவரத்துத் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், வளைவுக்கு 17 மீட்டர் ஆரம். இதைக் கடக்க வசதியான வேகம் 25 கி.மீ. ஒப்பந்ததாரர் முடித்ததும் இரு ஓரத்துக்கும் சமமட்டமாக நூல் பிடித்துச் சரிபாருங்கள்: நடுவிலிருந்து அரை மீட்டரில் 9.3 செ.மீ., ஒரு மீட்டரில் 7, ஒன்றரை மீட்டரில் மூன்றரை செ.மீ. உயரம் இருக்க வேண்டும். நடுவில் 15 செ.மீ. இருந்தால் கார்களின் அடி உரசும், திருத்தச் சொல்லுங்கள். ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் 100 முதல் 120 மீட்டர். 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை. மேலே இரவில் ஒளிரும் பெயின்ட் பட்டை. மழைநீர் போவதற்கென்று ஓரத்தில் விடும் இடைவெளியில் இருசக்கர வண்டிகள் நுழையும். நடப்பவர்களும் அங்கேதான் இருப்பார்கள். ஒரு குட்டைத் தூண் நட்டு அடையுங்கள், தண்ணீர் மட்டும் போகட்டும்.

தடை இல்லாமலும் வேகம் குறையும். பள்ளி வாசலில் நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடத்தையே மேடையாக்கினால் பிள்ளை சாலையில் இறங்காமல் நடக்கும், வண்டி ஏறி இறங்கும். தெருமுனை வளைவைக் குறுக்கினால் திரும்பும் வேகம் தானாகக் குறையும். பூந்தொட்டி, மாறி மாறி அமையும் பார்க்கிங் ஆகியவை நேர்க்கோட்டுப் பார்வையை உடைக்கும். ஆனால் தொட்டி பிள்ளையின் உயரத்தை மறைக்கக் கூடாது.

கேட்கப்போகும் கேள்விகள்

"நேரமாகும்" என்பார்கள். 600 மீட்டர் தெருவை 50-ல் கடக்க 43 நொடி, 30-ல் 72 நொடி. வித்தியாசம் அரை நிமிடம்கூட இல்லை. "புகை கூடும்" என்றால் அதில் ஓரளவு உண்மை உண்டு: தடைக்குத் தடை ஆக்ஸிலேட்டரை முறுக்கி பிரேக் போட்டால் கூடும், சீராக ஓடினால் பெரிய வித்தியாசம் இருக்காது. சத்தம் என்றால் 50-லிருந்து 30-க்கு இறங்கும்போது 2 முதல் 3 டெசிபல் குறையும். சாலையை ஒட்டிப் படுத்துத் தூங்கும் வயதானவருக்கும் இரத்த அழுத்தக்காரருக்கும் இது சின்ன விஷயமல்ல.

மாற்றம் வந்து ஒரு மாதம் கழித்து, அதே கோட்டில், அதே மூன்று வேளையில் மறுபடி அளந்து பாருங்கள். 85-ஆவது எண் 35-க்குமேல் இருந்தால் தடைகளின் இடைவெளி அதிகம் என்று பொருள். நடுவில் இன்னொரு தடை கேளுங்கள். ஒரு மழைக்காலம் முடிந்ததும் பட்டையின் வண்ணத்தைப் போய்ப் பாருங்கள். மங்கியிருந்தால் அன்றே உதவிப் பொறியாளருக்குப் படம் அனுப்புங்கள்.