புது ஆட்களை வைத்துப் பாய்மரப் படகுப் பந்தயம் ஓட்டுவது எப்படி

சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததும் துறைமுகத்தில் மாலைப் பந்தயங்கள் களைகட்டிவிடும். ட்வைலைட் ரேஸ் என்பார்கள். வேலை முடிந்து வந்து ஓட்டலாம், பெரும்பாலும் ஸ்பின்னேக்கர் என்கிற பலூன் மாதிரிப் பெரிய பாய் கிடையாது. புதியவர்களை ஏற்றிப் பழக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. என் படகு ஜே 24: 24 அடி நீளம், ஐந்து பேர். ஹோம்புஷ், பெண்டில் ஹில் பக்கத்து நண்பர்கள்தான் என் ஆட்கள். அதற்கு முன் படகில் கால் வைக்காதவர்களும் உண்டு. இப்படிப்பட்ட குழுவுக்கு என் வழி இதுதான்: ஆளுக்கு ஒரே ஒரு வேலை, முடிந்தவரை குறைவான திருப்பங்கள்.

வேலையைக் கரையிலேயே பிரித்துவிடுங்கள். சுக்கான் உங்களிடம். பெரிய பாயின் கயிறு, கொஞ்சம் அனுபவம் உள்ளவரிடம். முன்பாய்க்கு இரண்டு பேர்: ஒருவர் பழைய பக்கக் கயிற்றை விடுவார், மற்றவர் புதுப் பக்கத்தில் இழுப்பார். ஐந்தாவது ஆள் கண்ணும் கடிகாரமும். இதைச் சின்ன வேலை என்று யாரும் நினைக்கவிடாதீர்கள். ஜெனோவா என்கிற பெரிய முன்பாய் போட்டால், அதற்குக் கீழே என்ன வருகிறது என்று சுக்கான் பிடிப்பவருக்குத் தெரியவே தெரியாது. "அண்ணா, இடது பக்கம் வெள்ளைப் படகு, நம்மை வெட்டிக்கிட்டு வருது" என்று ஒருவர் சொன்னால்தான் தெரியும். ஆகவே என் யோசனை, முதல் சில வாரங்கள் ஜெனோவாவைப் பையிலேயே வைத்துவிட்டுச் சின்ன ஜிப் பாயைப் போடுங்கள். மென்காற்றில் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் பாய் பாய்மரக் கம்பத்தைச் சுற்றிச் சட்டென்று மறுபக்கம் வரும், பார்வையும் மறையாது.

பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீரில் இறங்கி, டாக் அடித்து, அதாவது படகின் மூக்கைக் காற்றின் ஊடாக மறுபக்கம் திருப்பி, பழகுங்கள். புதுக் குழு நேரத்தை இழப்பது இங்கேதான். நீங்கள் "ரெடியா?" என்று கேட்க வேண்டும், இரண்டு கயிற்றுக்காரர்களும் "ரெடி" என்று சொல்ல வேண்டும். இருவரும் சொல்லும்வரை சுக்கானைத் தொடாதீர்கள். அப்புறம் மெதுவாகத் திருப்புங்கள். முன்பாயின் முன்விளிம்பு படபடக்கத் தொடங்கியதும் பழைய கயிற்றை, விஞ்ச் என்கிற கயிறு இழுக்கும் உருளையிலிருந்து மேல்நோக்கிச் சுழற்றி எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் விட்டால் வேகம் போகும், பிந்தினால் காற்று பாயின் தவறான பக்கத்தில் அறையும். புதுப் பக்கத்தில் விஞ்சைக் கடிகாரச் சுற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, காற்று பாயில் நிறைவதற்குள் கையாலேயே முக்கால்வாசி இழுத்துவிட வேண்டும். பாரம் ஏறிய பிறகுதான் மூன்றாவது சுற்றும் கைப்பிடியும். கடைசி ஓரடி உள்ளே வரும்வரை நீங்கள் படகைக் கொஞ்சம் காற்றுப் பக்கமாகவே பிடித்திருந்தால், இழுப்பவருக்குப் பாதி சிரமம் குறையும். விரல்கள் விஞ்சுக்கும் கயிற்றுக்கும் நடுவில் போகக் கூடாது. இதை ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள், சலிக்காமல்.

ஜைப் வேறு விஷயம்: இதில் காற்றின் ஊடாகத் திரும்புவது படகின் பின்பக்கம். பெரிய பாயின் அடியில் இருக்கும் பூம் என்கிற கம்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசும்போது தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. பெரிய பாயை முதலில் நடுவுக்கு இழுத்து, எல்லோரும் குனிந்த பிறகு திருப்பி, உடனே கயிற்றை விடுங்கள். காற்றின் வேகம் 15 நாட் (knot) அளவுக்கு மேல் என்றால் ஜைப்பே வேண்டாம். காற்றை நோக்கிச் சுற்றி ஒரு டாக் அடித்து வந்துவிடுங்கள். சில படகு நீளங்கள் போகும், போகட்டும்.

தொடக்கக் கோட்டில் எல்லோரும் ஒரே முனைக்கு முண்டியடிப்பார்கள். அங்கே போகாதீர்கள். கோட்டின் நடுவில், வலப்பக்கக் காற்றில், வேகத்தோடு கடப்பதே போதும். வலப்பக்கமிருந்து காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கமிருந்து வாங்கும் படகு வழிவிட வேண்டும் என்பது பந்தய விதி. புதுக் குழுவுக்கு அதைவிட நல்ல கவசம் இல்லை. விதிப்புத்தகத்தின் வழக்கமான வரிசையில் ஐந்து, நான்கு, ஒன்று, பூஜ்யம் என நிமிடக் குறிகள் வரும். உங்கள் கிளப் வேறு வரிசை வைத்திருக்கலாம், அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் கடிகாரக்காரரின் குரல் மட்டும் கேட்க வேண்டும்.

கிளம்பிய பிறகு முன்னால் போகும் படகு உங்கள் காற்றைக் கெடுத்தால் ஒரு முறை டாக் அடித்து விலகி, தெளிந்த காற்றில் நீளமாக ஓடுங்கள். ஒவ்வொரு காற்று மாற்றத்துக்கும் திருப்பினால் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். மிதவையைச் சுற்றும்போது அகலமாக நுழைந்து ஒட்டி வெளியேறுங்கள். மூன்று படகு நீளத்துக்குள் உள்பக்கம் ஏற்கனவே யாராவது இருந்தால் இடம் கொடுங்கள்.

பந்தயத்தைவிடப் பெரியது ஒன்று இந்தத் துறைமுகத்தில் உண்டு, ஃபெர்ரி. ஆரஞ்சு நிற வைர வடிவம் காட்டி வரும் ஃபெர்ரிக்குப் பாய்மரப் படகு வழிவிட்டே ஆக வேண்டும். 70 மீட்டர் நீள மேன்லி ஃபெர்ரி நமக்காக நிற்காது, கடந்து போகையில் காற்றையும் கொஞ்ச நேரம் மறைக்கும். அது தூரத்தில் இருக்கும்போதே அதன் பின்பக்கமாகப் போகத் திட்டமிடுங்கள். கோடை மாலைகளில் வடகிழக்குக் கடற்காற்று நன்றாக வீசும், ஆனால் பிராட்லிஸ் ஹெட் முனையின் மேற்குப் பக்கம் ஒட்டினால் செத்துவிடும். வெயில் கொளுத்திய நாளில் அந்தக் காற்று திடீரென்று நின்று தெற்கே கருமை தெரிந்தால், தெற்கிலிருந்து பலத்த காற்று வரப்போகிறது என்று பாயைக் குறையுங்கள். வானிலை மையம் முன்பே தெற்குக் காற்று எச்சரிக்கை கொடுத்திருந்தால், அன்று புதியவர்களைக் கூட்டிப் போகவே வேண்டாம்.

படகில் கத்தாதீர்கள். கயிறு சிக்கினால் என்ன சிக்கியது என்று கேளுங்கள், யார் சிக்கவைத்தார்கள் என்று கேட்காதீர்கள். சத்தம் போட்ட மாலைக்குப் பிறகு ஆள் போனை எடுக்க மாட்டார், நான் மற்றப் படகுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கரைக்கு வந்ததும், பாயை மடிக்கும்போதே ஒவ்வொருவரிடமும் எது கடினமாக இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரப் பயிற்சி அதிலிருந்து தொடங்கட்டும். ஒரு மாதம் அதே ஆள், அதே வேலை. அதன் பிறகு இடம் மாற்றுங்கள், முதலில் கயிறு விடுபவரையும் இழுப்பவரையும்.